காகிதக் குழலில் இதயத்தைக் கேட்டவர்

ஸ்டெதாஸ்கோப் தந்த டாக்டர் லேனெக்கின் கதை

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கடற்கரைக் கோவிலைப் பார்க்கிறார்கள். அர்ச்சுனன் தபசைப் பார்க்கிறார்கள். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். சிற்பக் கூடங்களின் பக்கம் சற்று நின்றால் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம்.

கல் வந்து இறங்கியதும் சிற்பி அதில் உளி வைத்துவிடுவதில்லை. முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார். காது கொடுத்துக் கேட்கிறார். மணி அடித்தாற்போல் ஓசை வந்தால் ஆண் கல். தாளம் தட்டினாற்போல் வந்தால் பெண் கல். ஓசையே எழாமல் மொத்தென்று கேட்டால் அந்தக் கல்லைச் சிலைக்கு எடுக்கமாட்டார். உள்ளே எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கல்லைப் பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் பிளந்த பிறகு சிலைக்குக் கல் ஏது?

மனித உடம்பும் அப்படித்தான். நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது, வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்த்தால் தெரியும். செத்த பிறகு பார்த்தால் மிக நன்றாகத் தெரியும். அதனால் நோயாளிக்கு என்ன லாபம்? உயிரோடு இருக்கும்போதே, கத்தி படாமல், உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க வழி வேண்டும்.

அந்த வழியை உலகத்துக்குத் திறந்துவிட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் ரெனே லேனெக். டாக்டர்கள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் அவர் கண்டுபிடித்தது. நெஞ்சைக் கேட்கப் புறப்பட்ட அதே மனிதர், போகிற போக்கில் ஒரு கல்லீரல் நோய்க்கும் பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் இரு நூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

தாயில்லாப் பிள்ளை

பிரான்சு தேசத்தின் மேற்குக் கோடியில் பிரிட்டனி என்று ஒரு பகுதி இருக்கிறது. கடலும் பாறையும் நிறைந்த நாடு. அங்கே கிம்பேர் என்ற ஊரில் 1781-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி லேனெக் பிறந்தார்.

தகப்பனார் வக்கீல். கவிதை எழுதுவதில் ஆசை உள்ளவர். கையில் காசு தங்காது. குடும்பப் பொறுப்பும் தங்காது. லேனெக்குக்கு 5 வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனாள். பிள்ளைகளை வைத்து வளர்க்கத் தகப்பனாருக்கு முடியவில்லை. உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கடைசியில் பையன் நாண்ட் நகரில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சித்தப்பா பெரிய வைத்தியர். நல்ல மனிதர். தாய் தகப்பன் இரண்டுமாக இருந்து அவர்தான் லேனெக்கை ஆளாக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. சித்தப்பாவின் வீடு இருந்த சதுக்கத்திலேயே தலை வெட்டும் யந்திரத்தை நிறுத்தினார்கள். ஜன்னலைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும். பன்னிரண்டு வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு பாடம் படித்தான். பதினாலு வயதில் சித்தப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டான்.

வைத்தியம் படிக்கவேண்டும் என்றான் பையன். தகப்பனாருக்கு அதில் இஷ்டமில்லை. பணமும் அனுப்பவில்லை. லேனெக் கிரேக்க மொழி படித்தார். புல்லாங்குழல் வாசித்தார். காத்திருந்தார். 1801-ல் தான் பாரிசுக்குப் போக முடிந்தது.

குட்டையான உருவம். ஒட்டிய கன்னம். மெலிந்த உடம்பு. அடிக்கடி மூச்சு முட்டும். ஆனால் படிப்பில் அவரை யாரும் நெருங்க முடியவில்லை. 1804-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பீப்பாயைத் தட்டிய பையன்

பாரிசில் லேனெக்குக்குக் கிடைத்த ஆசிரியர் கொர்விசார். நெப்போலியன் சக்கரவர்த்தியின் வைத்தியர் அவர்தான். நோயாளியின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து நோய் சொல்வார்.

இந்த வித்தை அவருடையதல்ல. ஆஸ்திரியா நாட்டில் அவன்புரூகர் என்று ஒரு டாக்டர் இருந்தார். சத்திரக்காரர் மகன். மதுப் பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது சத்திரக்காரர்களின் பழக்கம். காலி இடம் டங்கென்று ஒலிக்கும். நிரம்பிய இடம் மந்தமாக ஒலிக்கும். நம் வீடுகளில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதில்லையா? அதே கணக்குதான். மனிதன் மார்பிலும் காற்று இருக்கும் இடம் ஒரு மாதிரி ஒலிக்கும். நீர் கோத்த இடம் வேறு மாதிரி ஒலிக்கும். இதைக் கண்டுபிடித்து 1761-ல் ஒரு சிறு நூல் எழுதினார் அவன்புரூகர். அநேகமாக யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 47 ஆண்டுகள் கழித்து, 1808-ல், கொர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் தட்டுவது மட்டும் போதவில்லை. உடம்பு பருத்தவர்களைத் தட்டினால் ஒன்றும் தெரியாது. இதயத்தின் ஓசையைக் கேட்க வேண்டுமானால் மார்பில் நேரே காதை வைக்கவேண்டும். நோயாளிக்கும் கூச்சம், டாக்டருக்கும் கூச்சம். அழுக்கும் பேனும் நிறைந்த ஆஸ்பத்திரி நோயாளிகள் மீது காது வைக்க எத்தனை டாக்டர்கள் துணிவார்கள்?

காகிதம் பேசியது

1816-ம் ஆண்டு. லேனெக்குக்கு வயது 35. பாரிசில் நெக்கேர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அவரிடம் ஓர் இளம் பெண் வந்தாள். இதயக் கோளாறு போல் தெரிந்தது. பெண் பருத்த உடம்புக்காரி. தட்டிப் பார்த்தார், தெரியவில்லை. கையை வைத்துப் பார்த்தார், புலப்படவில்லை. இளம் பெண்ணின் மார்பில் காதை வைப்பது முறையல்ல.

அப்போது அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறு முனையில் காது வைத்தவனுக்கு அது பளிச்சென்று கேட்கும். தெருப் பிள்ளைகள் இப்படி விளையாடியதை அவர் பார்த்ததாகவும் ஒரு கதை சொல்வதுண்டு.

மேசைமேல் இருந்த காகிதக் கட்டை எடுத்தார். இறுக்கிச் சுருட்டினார். குழல் போல் ஆயிற்று. ஒரு முனையைப் பெண்ணின் மார்பில் வைத்தார். மறு முனையில் தம் காதை வைத்தார்.

லப்-டப், லப்-டப்!

நேரே காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. லேனெக் திகைத்துப்போனார்.

பிறகு காகிதத்தை விட்டு மரத்துக்குப் போனார். கடைசல் வேலை அவருக்குத் தெரியும். தாமே கடைந்து குழல்கள் செய்தார். சுமார் ஒரு சாண் முதல் ஓர் அடி நீளம். நடுவில் துவாரம். எடுத்துப் போக வசதியாக இரண்டு துண்டாகக் கழற்றலாம். முதலில் அதற்குப் பெயரே இல்லை. குழல் என்றுதான் சொன்னார்கள். கிரேக்கம் படித்தவர் அல்லவா? மார்பு, பார்ப்பது என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்டெதாஸ்கோப் என்று பெயர் வைத்தார். காதால் கேட்கும் கருவிக்குப் பார்ப்பது என்று பெயர்! உடம்பைத் திறக்காமலே உள்ளே பார்க்கிறோம் என்பது அவர் எண்ணம்.

பிணத்திடம் கேட்ட சாட்சி

குழல் செய்தது ஒரு நாள் வேலை. குழலில் கேட்பதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. லேனெக்கின் பெருமை இந்த மூன்று ஆண்டுகளில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு நோயாளியின் மார்பையும் கேட்டார். என்ன ஓசை, எந்த இடத்தில், மூச்சு இழுக்கும்போதா விடும்போதா என்று எழுதி வைத்தார். சூடான சட்டியில் உப்பைப் போட்டால் படபடவென்று பொரியுமே, அதைப் போன்ற ஓசை ஒருவருக்கு. ஆட்டுக் குட்டி கத்துவது போன்ற குரல் இன்னொருவருக்கு. மற்றொருவர் பேசினால் பேச்சு வாயிலிருந்து வராமல் மார்பிலிருந்தே நேராக வருவது போல் கேட்டது.

நோயாளி இறந்துபோனால், உடலைத் திறந்து பார்த்தார். உப்பு பொரிந்த இடத்தில் சளிக் காய்ச்சலால் நுரையீரல் கெட்டியாகி இருந்தது. பேச்சு மார்பிலிருந்து வந்த இடத்தில் காசநோய் அரித்த பொந்து இருந்தது. கேட்டதையும் கண்டதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். ஒன்றல்ல, இரண்டல்ல. நூற்றுக்கணக்கான நோயாளிகள்.

இதுதான் அவர் வகுத்த சட்டம். வெளியிலிருந்து செய்யும் பரிசோதனையை அப்படியே நம்பிவிடக்கூடாது. உள்ளே உள்ள உண்மையோடு ஒத்துப் பார்க்கவேண்டும். ஒத்துப் போனால் பிறகு அறுக்கவேண்டியதில்லை.

1819 ஆகஸ்டில் புத்தகம் வெளிவந்தது. இரண்டு பாகங்கள். புத்தகத்தோடு வேண்டியவர்களுக்குக் குழலையும் சேர்த்து விற்றார்கள். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. எல்லா நோய்க்கும் அட்டையைக் கடிக்கவிட்டு ரத்தம் எடுக்கும் புரூசே என்ற பெரிய டாக்டர் லேனெக்கைக் கேலி செய்தார். ஆனால் மற்ற தேசங்களிலிருந்து டாக்டர்கள் பாரிசுக்கு வரத் தொடங்கினார்கள். 1821-ல் நூல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1928-ல், டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தாம்பரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. பொந்து விழுந்த நுரையீரலைக் கேட்டறிய அந்தக் காலத்து டாக்டர்கள் லேனெக் எழுதி வைத்த ஓசைகளைத்தான் கற்றார்கள்.

ஓர் அடிக்குறிப்பு

அந்தப் பெரிய புத்தகம் மார்பைப் பற்றியது. ஆனால் அதில் ஒரு நோயாளியின் வரலாற்றில், பக்கத்தின் அடியில், ஒரு சிறு குறிப்பு இருக்கிறது.

நோயாளிக்கு மார்பிலும் நீர், வயிற்றிலும் நீர். நம் ஊரில் மகோதரம் என்பார்களே, அது. இறந்த பிறகு திறந்து பார்த்தார் லேனெக். நல்ல கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். வழவழவென்று செம்மண் நிறத்தில் இருக்கும். இந்த ஆளின் கல்லீரல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. மேலே முண்டும் முடிச்சுமாக, பழுப்பு மஞ்சள் நிறத்தில் சிறு சிறு மணிகள். கிரேக்கத்தில் அந்த நிறத்துக்கு உள்ள சொல்லை எடுத்து, சிரோசிஸ் என்று பெயர் வைத்தார். இந்த நோய் அதற்கு முன்பே சில டாக்டர்கள் கண்ணில் பட்டதுதான். பெயர் வைத்தவர் லேனெக்.

இன்று கல்லீரல் சுருக்கம் என்று சொல்கிறோமே, அதுதான் சிரோசிஸ்.

நெஞ்சின் நோயைக் குழல் வைத்துக் கேட்ட லேனெக்குக்குக் கல்லீரலைக் கேட்க வழி இல்லை. நுரையீரல் மூச்சு விடும், இதயம் துடிக்கும். கல்லீரல் வாய் பேசாத உறுப்பு. பாதிக்கு மேல் கெட்டுப்போகும்வரை வலியும் காட்டாது. அது சுருங்கியிருக்கிறது என்பது பிணத்தைத் திறந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

ஊசி வந்தது

1883-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மேதை, உயிரோடு உள்ள நோயாளியின் கல்லீரலில் ஊசியைச் செலுத்தித் துளி சதையை எடுத்துப் பார்த்தார். 1958-ல் இத்தாலிய டாக்டர் மெங்கினி, ஒரே வினாடியில் சதையை எடுக்கும் ஊசியைச் செய்தார். வலப்பக்க விலா எலும்புகளின் நடுவே குத்தி, நூல் போல் சதையை எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். இதற்கு பயாப்ஸி என்று பெயர். பல ஆண்டுகள் இதுவே கடைசித் தீர்ப்பாக இருந்தது.

ஆனால் இந்தத் தீர்ப்பிலும் ஓட்டை இருக்கிறது. எடுக்கிற சதை, முழுக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மூட்டை அரிசியில் ஒரு சிட்டிகைகூட இல்லை. அந்த இடத்தில் தழும்பு குறைவாக இருந்தால் நோய் இல்லை என்று வந்துவிடும். ஒரே சதையைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் வேறு வேறாகச் சொல்வதும் உண்டு. வலி உண்டு. குத்திய பிறகு பல மணி நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். அபூர்வமாக உள்ளே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடிகாரர்களுக்குத்தான் ஈரல் கெடும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது அப்படியல்ல. ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. தொந்தியும் சர்க்கரை வியாதியும் உள்ளவர்களுக்கு அதிகம். சென்னையில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு இருந்தது. இத்தனை பேருக்கும் ஊசி குத்த முடியுமா?

குத்தவும் வேண்டியதில்லை. கொழுப்பு படிந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஈரல் சுருங்குவதில்லை. சிலருக்கு மட்டும் கொழுப்பு வீக்கமாகி, வீக்கம் தழும்பாகி, தழும்பு முற்றிச் சுருக்கமாகிறது. அந்தச் சிலர் யார் என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்து ஈரலில் கொழுப்பு என்று எழுதிக் கொடுத்ததும், குடும்பமே கலங்கிப்போகிறது. கலங்கவேண்டியவர் யார், கலங்கவேண்டாதவர் யார் என்று யாராவது சொல்லவேண்டாமா?

மறுபடியும் தட்டிப் பார்த்தார்கள்

இரண்டு வழிகள் வந்தன.

ஒன்று வெறும் கணக்கு. 2006-ல் வகுத்தது. பெயர் ஃபிப்-4. வேறு நோயாளிகளுக்காகச் செய்த கணக்குதான். பிறகு கொழுப்பு ஈரலுக்கும் பயன்பட்டது. நோயாளியின் வயது ஓர் எண். ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு ஆகியவை மூன்று எண்கள்.

உதாரணம் பாருங்கள். ஒருவருக்கு வயது 50. எஸ்.ஜி.ஓ.டி. 40. இரண்டையும் பெருக்கினால் 2000. தட்டணு இரண்டு லட்சம். கணக்குக்கு 200 என்று வைத்துக்கொள்ளவேண்டும். எஸ்.ஜி.பி.டி. 36, அதன் வர்க்கமூலம் 6. இருநூற்றை ஆறால் பெருக்கினால் 1200. இரண்டாயிரத்தை ஆயிரத்து இருநூறால் வகுத்தால் 1.67. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பயம் குறைவு. 2.67-க்கு மேலே போனால் கவனம் வேண்டும். நடுவில் நின்றால் அடுத்த பரிசோதனைக்குப் போகவேண்டும். வயது 65-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2. இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. கணக்கைப் படித்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார்.

இரண்டாவது ஒரு கருவி. இதுவும் பிறந்தது பாரிசில்தான்! 2003-ல் இதைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. பெயர் ஃபைப்ரோஸ்கேன். நோயாளியைப் படுக்க வைத்து, வலப்பக்க விலா இடுக்கில் ஒரு கைப்பிடியை வைக்கிறார்கள். அது மெல்ல ஒரு தட்டு தட்டுகிறது. அந்தத் தட்டு ஈரலுக்குள் அலையாக ஓடுகிறது. காதுக்குக் கேட்காத நுண்ணொலி அதன் வேகத்தை அளக்கிறது. கல்பாக்கத்தில் உருக்குக் குழாய்களை அறுக்காமல் உள்ளே விரிசல் பார்ப்பதும் இந்த நுண்ணொலியைக் கொண்டுதான். ஈரல் மெத்தென்று இருந்தால் அலை மெதுவாக ஓடும். தழும்பு விழுந்து கெட்டியாகி இருந்தால் வேகமாக ஓடும். சில நிமிஷங்களில் எண் வந்துவிடும். 8-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு.

எது நீதிபதி?

இந்த இரண்டையும் நம்பலாமா என்று டாக்டர்கள் வெகு நாள் வாதாடினார்கள். ஊசியில் வந்த முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊசியோடு மாறுபட்டால், கருவி தவறு என்று எழுதினார்கள். ஊசியே தவறாக இருந்தால்? அதைக் கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் செங்கல்பட்டு மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. அம்மைப்பால் ஆராய்ச்சி தொடங்கியது. ஏறக்குறைய மூன்றரை லட்சம் மக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். குத்திய இடத்தில் தழும்பு விழுந்தது. உடம்பில் மருந்து வேலை செய்ததற்கு அடையாளமும் தெரிந்தது. அதோடு திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் அடையாளத்தை நம்பாமல், வருஷக் கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்து, யாருக்குக் காசநோய் வந்தது என்று எண்ணினார்கள். 1979-ல் முதல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை! சிறு குழந்தைகளுக்கு மூளையில் வரும் கொடிய காசநோயைத் தடுக்கிறது என்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைக் குத்துகிறார்கள். அடையாளம் வேறு, நடப்பது வேறு என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் செங்கல்பட்டுக் கிராமத்து மக்கள்.

ஈரல் விஷயத்திலும் அதே முறையில் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 2023-ல் அந்த வேலை முடிந்தது. பல தேசங்களில் நடந்த 25 ஆய்வுகளிலிருந்து 2518 கொழுப்பு ஈரல் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். எல்லோருக்கும் ஊசிப் பரிசோதனை நடந்திருந்தது. பின்னால் யாருக்கு ஈரல் பழுதடைந்தது, யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். நடுத்தரமாக ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம். 145 பேர் கெட்ட முடிவை அடைந்திருந்தார்கள்.

ஊசி முன்கூட்டிச் சொன்னது எவ்வளவு சரி? கருவி சொன்னது எவ்வளவு சரி? கணக்கு சொன்னது எவ்வளவு சரி?

மூன்றும் ஏறக்குறைய சமம்!

ஒன்றை ஒளிக்கவேண்டியதில்லை. மூன்றில் எதுவும் தெய்வ வாக்கு அல்ல. பின்னால் கெடப்போகிற ஒருவரையும் கெடாத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், யார் கெடுவார் என்று நாலு தடவையில் சுமார் மூன்று தடவை சரியாகச் சொல்லும். அவ்வளவுதான். ஆனால் குத்தியும் அதே மூன்று, குத்தாமலும் அதே மூன்று என்றால், முதலில் எதைச் செய்வது என்பதில் சந்தேகம் ஏது?

ஊசிக்கு வேலை போய்விடவில்லை. கணக்கு ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால் ஊசி வேண்டும். கொழுப்போடு வேறு ஈரல் நோயும் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஊசி வேண்டும். மற்றபடி, எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தழும்பேகூடக் குறையக் காண்கிறார்கள்.

சொந்த ஊருக்கு

புத்தகம் எழுதி முடித்த 1819-லேயே லேனெக்கின் உடம்பு உடைந்துவிட்டது. பாரிசை விட்டுப் பிரிட்டனியில் கெர்லுவார்னெக் என்ற தம் கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டார். வயலையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் இருந்தார். உடம்பு தேறியது. 1821-ல் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே பெரிய கல்லூரியில் பேராசிரியர் பதவி. ராஜ குடும்பத்தில் வைத்தியர் உத்தியோகம். லத்தீன் மொழியில் பேசிக்கொண்டே நோயாளிகளைப் பார்த்து வருவார். பல தேசத்து மாணவர்கள் பின்னாலேயே போவார்கள். ஊரிலிருந்து வந்த ஏழைகளோடு மட்டும் பிரெத்தோன் மொழியில் பேசுவார். யுத்த காலத்தில் தம் ஊர்ச் சிப்பாய்கள் பாரிசு ஆஸ்பத்திரியில் பேச ஆளில்லாமல் தவித்தபோது, அவர்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அவர்கள் மொழியிலேயே பேசிப் பார்த்தவர் அவர்.

43-வது வயதில், 1824 டிசம்பரில், தம் வீட்டைக் கவனித்து வந்த ஒரு விதவையை மணந்துகொண்டார். பிள்ளை இல்லை.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி எழுதும் வேலை. இரவு பகல் பார்க்கவில்லை. 1826-ல் பதிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது. இளைப்பு, காய்ச்சல், இரவில் வேர்வை.

உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் லேனெக்குக்குத் தெரியாதா இது என்னவென்று? ஆனாலும் கேட்டுவிட விரும்பினார். அவருடைய உறவினரான மெரியாடெக் என்ற இளைஞன் டாக்டராக இருந்தான். இவரிடமே பயின்றவன். அவனை அழைத்துக் குழலைக் கையில் கொடுத்தார். தம் மார்பில் வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்டதை மறைக்காமல் சொல்லச் சொன்னார்.

இளைஞன் குனிந்து கேட்டான். கேட்டதைச் சொன்னான். எந்த ஓசைக்கு என்ன அர்த்தம் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர், படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டார். நுரையீரலில் பொந்து. காசநோய்.

அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ஸ்டெதாஸ்கோப் நோயைச் சொல்லும், தீர்க்காது. காசநோயை வெல்லும் மருந்து வர இன்னும் சுமார் 120 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

லேனெக் பாரிசில் இருக்கவில்லை. மனைவியோடு வண்டி ஏறிப் பிரிட்டனிக்குப் போனார். கடல் காற்று படும் கெர்லுவார்னெக் வீட்டில் 1826 ஆகஸ்ட் 13-ந் தேதி உயிர் துறந்தார். வயது 45. பக்கத்தில் புளோவாரே என்ற சிற்றூரில் அடக்கம் செய்தார்கள்.

உயிலில் மெரியாடெக்குக்கு எழுதி வைத்திருந்தவை: மருத்துவக் காகிதங்கள், கடிகாரம், மோதிரம், அதோடு ஒரு மரக்குழல்.